யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இன்டர்ன்ஷிப்: கடிதம் வந்த நாள் முதல் சான்றிதழ் வாங்கும் வரை

வருடக் கடைசிப் பரீட்சை முடிகிற நேரத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி வளாகங்களில் ஒரே கதைதான்: ஆருக்கு எந்தக் கம்பனி கிடைத்தது, ஆர் எப்போது கொழும்புக்கு வெளிக்கிடுகிறார்கள். கடிதம் கைக்கு வந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "வெள்ளவத்தையில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" சொந்தக்காரர் இருந்தால் நல்லதுதான். ஆனால் அந்த மூன்று மாதம் நன்றாகப் போகுமா, களைப்பிலேயே கழியுமா என்பதைத் தீர்மானிப்பது காலையில் நீங்கள் எந்தப் பாதையால், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்பது. பாதையை முதலில் பாருங்கள், அறையைப் பிறகு பாருங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் நிற்கிறார்கள்.

கடிதம் வந்த கிழமையில்

கம்பனிக்கு ஒரு ஈமெயில் போட்டு ஐந்து விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். வேலை தொடங்கும் திகதி, வேலை நேரம், நீங்கள் உண்மையில் உட்காரப்போகும் கட்டடத்தின் முகவரி, கொடுப்பனவு எவ்வளவு, அது மாதத்தில் எந்தத் திகதியில் வரும். முகவரியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடிதத் தலைப்பில் கோட்டை என்று இருக்கும். உங்கள் குழு இருப்பதோ ராஜகிரியவிலோ மாலபேயிலோ ஆக இருக்கும். கிழமைக்கு எத்தனை நாள் நேரில் வரவேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள். இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் அறையில் நல்ல இணைப்பும் ஒரு மேசையும் கட்டாயம்.

வளாகத்தில் பயிற்சிக் கடிதம், நாட்குறிப்புப் புத்தகம், மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடவேண்டிய படிவங்கள் எல்லாவற்றையும் வெளிக்கிட முதலே எடுங்கள். பொறியியல் பீடத்தாருக்கு, தொழிற்பயிற்சிகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான நைட்டா (NAITA) ஊடாக நடக்கும் வேலைகளும் இருக்கும். அதற்குரிய திகதிகளைப் பிந்தவிடாதீர்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், மாணவர் அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம்: எல்லாம் ஒரு கோப்பில், மேலதிகப் பிரதிகளோடு. வாடகைக்கு அறை கொடுக்கிறவர்களில் பலர் அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள். சிலர் பொலிஸில் கொடுக்க ஒரு படிவமும் நிரப்பச் சொல்வார்கள். ஊர் முகவரியை உறுதிசெய்யும் கிராம சேவகர் சான்றிதழ் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

பாதை பார்ப்பது

கொழும்பில் முகவரியோடு வரும் இலக்கம் முக்கியம். கொழும்பு 1 கோட்டை, 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை. இவை எல்லாம் கடற்கரையை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. 8 பொரளை, 9 தெமட்டகொடை, 10 மருதானை, இவை உள்பக்கம். 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை, இவை வடக்கே. இலக்கம் இல்லாமல் வீதிப் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஸ்டேஷன் வீதி வெள்ளவத்தையிலும் இருக்கிறது, தெஹிவளையிலும் இருக்கிறது. இன்னொன்று, பலகையில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று எழுதியிருக்கும் வீதியை எல்லோரும் டுப்ளிகேஷன் ரோட் என்றுதான் சொல்வார்கள்.

இனி உங்கள் வேலையிடம் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பாருங்கள்.

கடற்கரைக் கோடுதான் எங்கள் பிள்ளைகளுக்கு மிக வசதியானது. மொறட்டுவைப் பக்கமிருந்து கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை, மருதானை என்று ரயில் ஓடுகிறது. காலி வீதி நெரிசலில் நிற்கும் நேரத்திலும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கால் மணித்தியாலம் அளவில் போய்விடலாம். மருதானை நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரேஸ் வளாகம், கோட்டையில் இருக்கும் உலக வர்த்தக மையம், கொம்பனித்தெரு, நவம் மாவத்தைப் பக்கத்துக் கம்பனிகள் என்றால் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ தங்கி ரயிலில் போவதுதான் புத்தி. நிலையத்தில் மாதச் சீசன் ரிக்கற் எடுத்தால் செலவும் குறையும், ஒவ்வொரு நாளும் வரிசையில் நிற்கவும் தேவையில்லை. காலை ஏழரைக்குப் பிறகு பெட்டிகள் நிரம்பி வழியும். வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்; அடுத்த ரயிலில் போங்கள். தண்டவாளம் கடலோரமாகத் திறந்தே கிடக்கிறது, ஆட்கள் எங்கும் கடப்பார்கள். காதில் இயர்போனோடு ஒருநாளும் கடக்க வேண்டாம்.

பஸ் என்றால் காலி வீதியில் 100, 101 இரண்டும் புறக்கோட்டைக்குப் போகும். நாள் முழுக்க ஓடும். 155 வெள்ளவத்தையைத் தாண்டி மருதானைப் பக்கமாக மட்டக்குளி வரை போகும். 141 வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு. 138 மஹரகமை, நுகேகொடை, கிருலப்பனை வழியாகப் புறக்கோட்டைக்கு. 177 கொள்ளுப்பிட்டியிலிருந்து ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே தாண்டிக் கடுவெலைக்கு.

இந்தக் கடைசி இலக்கத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை பத்தரமுல்லையில் அல்லது மாலபேயில். அறையோ மாமா வீட்டுக்குப் பக்கத்தில், வெள்ளவத்தையில். அப்படியென்றால் காலி வீதியில் ஒரு பஸ், கொள்ளுப்பிட்டியில் இறங்கி இன்னொரு பஸ், பொரளைக்கும் ராஜகிரியவுக்கும் இடையில் நெரிசல். மாலையில் அதே கதை திரும்பவும். வேலை அந்தப் பக்கம் என்றால் ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபேயிலேயே அறை தேடுங்கள். மாலபேயில் தனியார் வளாகங்களுக்கு வரும் மாணவர்களுக்காகப் போடிங் வீடுகள் நிறைய உண்டு. மாமா வீட்டுக்குச் சனிக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

எதைத் தெரிவு செய்தாலும் கூகுள் வரைபடத்தில் வேலைநாள் காலை எட்டரைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டும் நேரத்தை வைத்து முடிவெடுத்தால் திங்கட்கிழமை ஏமாற்றும். ஒரு வழிப் பயணம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் போனால் அந்த அறை வேண்டாம் என்பது என் கருத்து.

அறை பிடிப்பது

போடிங், அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி), பகிரும் பிளாட் என்று மூன்று வகை. மூன்று மாதத்துக்கு வருகிறவருக்குப் போடிங்தான் பொருந்தும்: கட்டில், மேசை, மின்விசிறி இருக்கும், முற்பணமும் குறைவு. பிளாட்டுக்குப் பல மாத முற்பணமும் வருட ஒப்பந்தமும் கேட்பார்கள். முந்தைய பிரிவில் கொழும்புக்குப் போன சீனியர்களிடம் கேளுங்கள். அவர்கள் விட்டுப்போகும் கட்டில்தான் பெரும்பாலும் நல்ல கட்டில், ஏனென்றால் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்றும் கூடவே தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு வை.டபிள்யூ.சி.ஏ. போன்ற மகளிர் விடுதிகளும் இருக்கின்றன. இடம் கெதியாக நிரம்பிவிடும், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

பார்க்காத அறைக்குக் காசு போடாதீர்கள். இணையத்தில் நல்ல படம் போட்டு, "இன்னொருத்தர் கேக்கிறார், இப்பவே முற்பணம் போடுங்கோ" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் அங்கே இருக்கிற தெரிந்த ஒருவரை அனுப்பி வீடியோ அழைப்பில் பாருங்கள். பார்க்கும்போது சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரக்கறை இருக்கிறதா, ஜன்னல் திறக்குமா, குழாயில் தண்ணீர் அழுத்தம் எப்படி, போனில் சிக்னல் உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள். கால்வாய்க்குப் பக்கத்து ஒழுங்கை என்றால், பெருமழைக்குத் தண்ணீர் ஏறுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கதைக்க வேண்டியதை வெட்கப்படாமல் கதையுங்கள். "அன்ரி, லைட் பில், தண்ணி பில் வாடகைக்குள்ளயோ, வேறயோ?" "கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவியள்? வேலை முடிஞ்சு பிந்தி வந்தா என்ன செய்யிறது?" "சமைக்கலாமோ? மச்சம் சமைக்கலாமோ?" வெள்ளவத்தையில் மரக்கறி மட்டும் என்கிற சைவ வீடுகள் பல, அது அவர்கள் உரிமை, முதலே தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பு. அம்மா அப்பா ஒருநாள் வந்து தங்கலாமா, உடுப்பு எங்கே தோய்ப்பது, எங்கே காயப்போடுவது என்பதும் அதே தரத்தில் முக்கியமான கேள்விகள். முற்பணம் கொடுத்தால் திகதி, தொகை, எப்போது திருப்பித் தருவார்கள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வாங்குங்கள். உறவுக்காரர் வீடு என்றாலும் வாங்குங்கள். தாள் இருந்தால் உறவு கெடாது.

சூட்கேசில் என்ன

யாழ்ப்பாணத்தில் வைகாசி, ஆனியில் சோளகம் அடித்துக் காயும்போது கொழும்பில் தென்மேற்குப் பருவமழை. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும் என்பதால் குடையை மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். நல்ல குடை ஒன்று, ஈரத்தில் போகக்கூடிய செருப்பு ஒன்று, அலுவலகச் சப்பாத்து தனியாக. சப்பாத்தைப் பையில் கொண்டுபோய் அங்கே மாற்றலாம். காற்றில் ஈரம் நிற்பதால் ஜீன்ஸ் காய இரண்டு நாள் எடுக்கும்; மெல்லிய துணிகளைக் கொண்டுவாருங்கள்.

தண்ணீரும் வேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, சவர்க்காரம் லேசில் நுரைக்காது. கொழும்புக் குழாயில் வருவது களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும். அதில் கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும், எத்தனை வாளி ஊற்றினாலும் கை வழுக்குவது போலவே இருக்கும். சவர்க்காரம் போகவில்லை என்று நினைத்து நின்று கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். ஷாம்பு, தோய்க்கும் தூள் எல்லாம் ஊரில் போடுவதில் பாதி போதும்.

சாப்பாட்டுச் சாமானில் அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல், வறுத்த அரிசிமா, மோர்மிளகாய், கொஞ்சம் பருத்தித்துறை வடை. இதற்கு மேல் தூக்கி வரத் தேவையில்லை. மிச்சம் எல்லாம் வெள்ளவத்தைச் சந்தையிலும் கடைகளிலும் கிடைக்கும். தேவைப்பட்டால் இரவு பஸ்ஸில் வீட்டார் பார்சல் போட்டு விடுவார்கள்.

பயணமும் முதல் இரண்டு நாளும்

தூரம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். வடபகுதிப் பாதை 1990இல் நின்று, 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரை மறுபடி ரயில் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை. அம்மா அப்பாவின் இளமைக்காலத்தில் இல்லாத வசதி இது. பெட்டி சாமானோடு முதல் தடவை போகிறவருக்கு ரயில்தான் சுகம், நேர அட்டவணையையும் ஆசனத்தையும் முன்கூட்டியே உறுதிசெய்தால். இரவு பஸ் வெள்ளவத்தை வரை நேரே வரும், ஆனால் விடியமுன் நாலு, ஐந்து மணிக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் கேற் திறப்பாரா என்று முதல்நாள் மாலையே வீட்டுக்காரரோடு கதைத்து வையுங்கள். தனியாக இறங்குவதென்றால் பிக்மீ அல்லது ஊபரில் வண்டி போட்டு, வண்டி இலக்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள்.

வேலை திங்கட்கிழமை தொடங்கினால் வெள்ளிக்கிழமையே வந்து சேருங்கள். சனிக்கிழமை சாமான் அடுக்கி, சிம்முக்கு டேட்டா போட்டு, பக்கத்தில் மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை, பணம் எடுக்கும் இயந்திரம் எங்கே என்று நடந்து பாருங்கள். ஞாயிறு ஒருதரம் வேலையிடத்துக்கு அதே பஸ்ஸில் அல்லது ரயிலில் போய்வாருங்கள். எந்த வாசல், எந்தத் தரிப்பு, வீதியை எங்கே கடப்பது என்பதெல்லாம் கண்ணில் பதிந்துவிடும். திங்கட்கிழமை தலையில் வேலை மட்டும் இருக்கும்.

காசு

கொடுப்பனவு முதல் மாதம் முடிந்துதான் கைக்கு வரும். சில இடங்களில் அடுத்த மாத நடுப்பகுதி. ஆகவே முற்பணம், முதல் மாத வாடகை, ஒன்றரை மாதச் சாப்பாடும் பயணமும், ஊருக்கு அவசரமாகத் திரும்ப ஒரு பஸ் காசு: இவ்வளவும் கையிலிருந்தால் நிம்மதி. கொடுப்பனவே இல்லாத இடம் என்றால் மூன்று மாதத்தையும் இப்படிக் கூட்டிப் பார்த்து வீட்டாரோடு வெளிப்படையாகக் கதைத்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

செலவில் கைமீறுவது சாப்பாடுதான். மூன்று நேரமும் கடை என்றால் கொடுப்பனவு தாங்காது. காலையில் அறையில் பாணும் வாழைப்பழமும் அல்லது அரிசிமாப் புட்டு, மதியம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் சோற்றுப் பார்சல், இரவு ஒழுங்கைக்குள் வீட்டில் அவித்து விற்கும் இடியப்பமும் சொதியும் என்று பழகினால் வயிறும் நல்லாயிருக்கும். பஸ்ஸுக்குச் சில்லறை வையுங்கள்.

சிங்களம்

தமிழ் மட்டும் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் காலம் தள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தால் மூன்று மாதமும் ஒரு ஒழுங்கைக்குள் முடிந்துவிடும். பஸ்ஸுக்கும் கடைக்கும் தேவையானது பத்துப் பதினைந்து வசனம்தான். கொண்டக்டர் "கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று கத்தினால் அந்த பஸ் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் போகிறது. இறங்கும்போது "பஹினவா". விலை கேட்க "கீயத?" ஓட்டோவை நிறுத்த "மெதன நவத்தன்ன". வேகமாகக் கதைத்தால் "ஹெமின் கியன்ன". உங்கள் நிலையைச் சொல்ல "மட்ட சிங்ஹள டிக்க டிக்க புலுவன்", அதாவது எனக்குச் சிங்களம் கொஞ்சம் கொஞ்சம் ஏலும். இந்தக் கடைசி வசனத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னால் எதிரில் இருப்பவர் பொறுமையாகிவிடுவார், பெரும்பாலும் அவரே உதவுவார். பிழையாகக் கதைத்தாலும் பரவாயில்லை, கதையுங்கள்.

அலுவலகம்

மின்னஞ்சல் ஆங்கிலத்தில், கூட்டம் ஆங்கிலத்தில், மதியச் சாப்பாட்டு மேசைக் கதை சிங்களத்தில். முதல் கிழமை அந்த மேசையில் ஒன்றும் விளங்காது. இருந்தாலும் உங்கள் பார்சலோடு போய் அங்கேயே உட்காருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் தனி மூலையில் சாப்பிடுவது சுகம்தான். ஆனால் எந்த வேலை வரப்போகிறது, யாரிடம் எதைக் கேட்கலாம், யார் அடுத்த வருடம் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் பெரிய மேசையில்தான் கதைபடும்.

கூட்டத்தில் விளங்காததை அங்கேயே கேளுங்கள், இல்லாவிட்டால் முடிந்து பத்து நிமிடத்துக்குள் உங்களுக்கு வேலை தரும் அண்ணையிடமோ அக்காவிடமோ எழுதிக் கேளுங்கள். எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடமாக இருந்தால் நீங்களும் அப்படியே கூப்பிடலாம். "சேர்" என்று சொல்லாதது மரியாதைக் குறைவாக எடுக்கப்படாது. நாட்குறிப்பைக் கிழமைக்குக் கிழமை எழுதி வெள்ளிக்கிழமையே கையெழுத்து வாங்குங்கள்.

காய்ச்சலும் பாதுகாப்பும்

மழைக்காலக் கொழும்பு டெங்குக் காலமும்கூட. நுளம்பு வலை கட்டாயம், பகலிலும் நுளம்பு கடிக்காமல் பாருங்கள். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர இபுபுரோபன், அஸ்பிரின் மாதிரியான வலி மாத்திரைகள் போடக்கூடாது; டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியரிடம் போய் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நிறைய நீராகாரம் குடியுங்கள். "வீட்டாருக்குச் சொன்னா பயப்பிடுவினம்" என்று மறைக்கவே வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், பொலிஸ் 119.

நெரிசல் பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குத் தொல்லை தருகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தமாகச் சொல்லுங்கள், கொண்டக்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சனம் திரும்பிப் பார்க்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

சனி, ஞாயிறும் ஊர் நினைப்பும்

ஒவ்வொரு வெள்ளி இரவும் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புவது உடம்பை முறிக்கும். முதல் மூன்று கிழமை கொழும்பிலேயே நில்லுங்கள். ஊர் நினைப்பு வருவதும் அந்த நாட்களில்தான், குறைவதும் அந்த நாட்களில்தான். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்தில் அமைதியாக ஒரு பின்நேரம் படிக்கலாம், கூட்டங்களுக்குப் போனால் வயது வித்தியாசமில்லாமல் ஆட்களோடு பழகலாம். 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகம், மாலையில் காலிமுகத்திடல். ஆடி வேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து வரும் தேரைக் காலி வீதியில் நின்று பாருங்கள்.

ஊருக்குப் போகும் நாட்களைக் கலண்டரோடு பாருங்கள். ஜூனில் பொசன் போயா வரும்போது அனுராதபுரம், மிஹிந்தலைக்குப் போகும் சனத்தால் எங்கள் ரயிலும் பஸ்ஸும் நிறைந்துவிடும். நல்லூர்க் கொடியேறிய பிறகு தேர், தீர்த்தக் கிழமையில் ஆசனம் கிடைப்பது இன்னும் பாடு. 25 நாள் திருவிழாவில் எந்த நாளுக்கு வரப்போகிறீர்கள் என்று வந்த முதல் மாதமே அலுவலகத்தில் லீவு கேட்டு, ஆசனத்தையும் பதிந்து வையுங்கள்.

கடைசி இரண்டு கிழமை

அறையை விடப்போகும் திகதியை ஒரு மாதம் முன்பே வீட்டுக்காரருக்கு எழுதிச் சொல்லுங்கள். முற்பணத் தாளை எடுத்து வையுங்கள், பில்களைத் தீர்த்துவிட்டு, அறை எப்படி இருந்தது என்று காட்ட நாலு படம் எடுங்கள். நல்ல அறை என்றால் அடுத்த பிரிவில் வரும் தம்பி தங்கச்சிக்கு இப்போதே சொல்லி, வீட்டுக்காரரோடு கதைத்தும் விடுங்கள்.

அலுவலகத்தில் சான்றிதழ் "பிறகு அனுப்புறம்" என்று சொன்னால் பிந்தும். கடைசி வேலைநாளுக்கு ஒரு கிழமை முன்பே எச்.ஆர். பிரிவில் ஞாபகப்படுத்துங்கள். வளாகத்து மதிப்பீட்டுப் படிவம், நாட்குறிப்பின் கடைசிப் பக்கம், நிலுவையிலுள்ள கொடுப்பனவு எந்தத் திகதியில் எந்தக் கணக்குக்கு வரும் என்பது: மூன்றையும் நேரில் முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை பழக்கியவரிடம், பிற்காலத்தில் சிபாரிசுக்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டு, அவருடைய ஈமெயிலை வாங்குங்கள். மெத்தை, வாளி, மின்விசிறி மாதிரியான பாரங்களை ஊருக்குச் சுமக்க வேண்டாம்; அடுத்து வருகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, சூட்கேசோடு மட்டும் ரயில் ஏறுங்கள்.